ஒரு 'ங்க' குறைகிறது

பெட்டிக்குள் ஒரு சீட்டு கிடந்தது.

முதல்வர் அதை எதிர்பார்க்கவில்லை. 'வெறுப்பும் பாகுபாடும் இல்லாத கல்லூரி' என்று பதாகை கட்டி, ஆய்வுக் குழுவை முன்வரிசையில் உட்காரவைத்து, காலிப் புகார்ப் பெட்டியைத் திறந்து காட்டிக் கைதட்டு வாங்குவதாக ஏற்பாடு.

எழுதியவள் பதினோராவது வரிசையில் இருந்தாள். கேன்டீனில் பாத்திரம் கழுவுபவரின் மகள். மாட்டினால் விடுதியில் இடம் போய்விடும். விடுதி போனால் படிப்பும் போச்சு.

சீட்டு, 'பெருமதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு' என்று தொடங்கியது. பாராட்டு மடலேதான் என்று முடிவுகட்டி, மைக்கில் கணீரென்று வாசித்தார் மனிதர்.

"காரில் வந்து இறங்குகிறவர்களை 'வாங்க' என்கிறீர்கள். எங்களை 'ஏய், வா' என்கிறீர்கள். ஒரு 'ங்க' குறைகிறது. சேர்த்துத் தரவும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதல்வரின் காதுமடல் சிவந்தது.

"ஏய், யாரு எழுதுனது? எந்திரி."

குழுத் தலைவி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். பிறகு பேனா மூடியைத் திறந்தார். அவ்வளவுதான்.

முதல்வர் கனைத்துக்கொண்டார். கடைவாய்ப்பல்லைப் பிடுங்கக் கொடுத்தவர்போல மிச்சத்தையும் வெளியே விட்டார்: "...ங்க."

ஒருவரிடம் சொன்னால் 'ங்க' மரியாதை. கூட்டத்திடம் சொன்னால் வெறும் பன்மை.

அரங்கமே எழுந்து நின்றது. எண்ணூறு பேர், சிரிப்பை வாய்க்குள் அதக்கிக்கொண்டு. ஓரத்தில் பேராசிரியர்களும் எழுந்துவிட்டார்கள். முதல்வர் சொன்னால் காரணம் கேட்காத கால்கள்.

எழாதவள் ஒருத்திதான். பயத்தில் அவள் முழங்கால்கள் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன.

எண்ணூறு தலைகளுக்கு நடுவே ஒரு பள்ளம். மேடையிலிருந்து பார்த்த முதல்வருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுதாத ஒரே பிள்ளை! இப்படி ஒருத்தி போதாதா, கல்லூரி மானத்தைக் காப்பாற்ற? புகார்ப் பெட்டியின் சாவி இனி இந்த மாணவியிடம்தான் இருக்கும் என்று குழுவுக்குக் கேட்கும்படி அறிவித்தார்.

பிறகு மைக்கை நெருங்கி, குரலில் தேனைக் குழைத்தார்.

"மேடைக்கு வாங்கம்மா."

அவள் முழங்கால்கள் அந்தக் கணமே வேலைக்குத் திரும்பின.