கடைசிக் கதவு

சுவர் மெல்லியதாக இருக்க வேண்டும், பக்கத்து அறையில் ஒருவர் இருமினாலும் இங்கே கேட்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். விடுதி மேனேஜர் முதலில் காட்டிய மலிவு அறை அப்படித்தான் இருந்தது. வரவேற்பு மேசையை ஒட்டி, மாடிப்படிக்கு எதிரே, ஓயாத டிவி இரைச்சலோடு. இப்போது நடையின் கடைசிக் கதவைத் திறந்துவிட்டு, "இங்க ஈ காக்கா வராதும்மா, கைக்குழந்தை நிம்மதியாத் தூங்கும்" என்கிறார். மத்தியான வெயில் ஒற்றை ஜன்னல் வழியாகக் கட்டிலில் விழுந்து கிடக்கிறது. "இதுவே போதும், உள்ள வா" என்கிறான் கணவன். போன ஊரிலும் இப்படி ஓர் அமைதியான அறையைத்தான் எடுத்தான். அங்கே அவன் முறித்த அவள் சுண்டுவிரல் இன்னும் மடங்குவதில்லை. அவள் போட்ட கூச்சல் எவர் காதிலும் விழவில்லை. அவள் வெளியிலேயே நிற்பதைப் பார்த்து, காலடியில் இருக்கும் பையை எட்டி உதைக்கிறான். அதிலிருந்த கண்ணாடிப் பால் புட்டி தெறித்துச் சுவரில் மோதி உடைகிறது. "மகாராணிய மேளம் கொட்டி அழைக்கணுமோ?" அவன் விரல்கள் அவள் முழங்கையில் பழைய காயத்தின் மேலேயே இறுகுகின்றன. மேனேஜர் ஓடாத மின்விசிறியை நிமிர்ந்து பார்க்கிறார். குழந்தை வீறிடுகிறது, அந்த நடையில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. அவள் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு மேனேஜரிடம் சொல்கிறாள்: "அந்த முதல் ரூமே குடுங்க. சத்தம் இருந்தாத்தான் நாங்க ரெண்டு பேரும் தூங்குவோம்." அவன் இழுக்கிறான். அவள் கால் நிலைப்படியைத் தாண்டவில்லை.