சின்னம்மா பார்த்த மோட்டார் பள்ளி

"ஏரி ஓரத்துல தண்ணி எம்புட்டு ஆழம் இருக்கும்?" என்று கேட்டாள் ரபியா.

மோட்டார் ஓட்டப் பழக்குகிற வேலப்பனே ஒரு கணம் விழித்தான். பக்கத்தில் நின்ற இப்ராம்சா அவளை முறைத்துப் பார்த்தார். பிள்ளையைச் சேர்க்க வந்தவள் கேட்கிற கேள்வியா இது?

ரபியா அந்தப் பையனைப் பெற்றவள் இல்லை, பாருங்கள். பெற்றவள் இப்ராம்சாவின் அக்கா. அவள் கண்ணை மூடிய பிறகு அந்த வீட்டுக்கு வந்த சின்னம்மா இவள். போன வருஷம் இவளுக்கும் ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. கொடைக்கானல் பஜாரில் உள்ள அவர்கள் காய்கறி மண்டிக்கு அதுவரை ஒரே வாரிசு மூத்தவன் சம்சுல் ஆலம்தான்.

பெட்ரோலுக்குக் கூப்பன் கேட்ட உலகச் சண்டைக் காலம் அது. அவனைப் பெற்ற அத்தா ஒலியுல்லா ராவுத்தர் பட்டாளத்துக்குக் காய்கறி ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார். "பையனுக்குப் பதினெட்டு ஆகப் போவுது. வெரசா லைசென்சு வாங்கட்டும். நல்ல இடமாப் பாத்துச் சேத்துரு" என்று மனைவியிடம் பொறுப்பை விட்டிருந்தார். அக்கா பிள்ளை ஆயிற்றே என்று இப்ராம்சாவும் கூடவே கிளம்பி வந்திருந்தார்.

நல்ல இடத்தைத்தான் காலையிலேயே பார்த்துவிட்டார்களே. பஜாருக்கு மேலே, மோட்டார் பழக்கும் மலைச்சாமியின் கொட்டகை. வண்டி கண்ணாடி மாதிரி இருந்தது. "மேட்டுல நிறுத்தி, ஒரு சாண்கூடப் பின்னால உருளாம எடுக்கணும் தாயி. அதுதான் இன்ஸ்பெக்டர் வைக்கிற பரீட்சை. நம்மகிட்டப் பழகுனவன் அதுல தோத்ததே இல்ல" என்றார் மலைச்சாமி.

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தன்கூட."

ரபியாவின் முகம் வாடிப்போயிற்று. "வேற எடம் பாப்போம்ணே" என்று இறங்கிவிட்டாள்.

வழியில், ஆட்களை ஏற்றிக்கொண்டு பட்டாள லாரி ஒன்று வத்தலக்குண்டுப் பக்கம் இறங்கியது. அது வளைவில் மறையும்வரை துப்பட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். வேடிக்கை பார்க்கிற நேரத்தைப் பார் என்று இப்ராம்சா பல்லைக் கடித்தார்.

இப்போது இந்த வேலப்பன். வண்டியின் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். அவன் மேலே முந்தின நாள் சாராய வாடை.

"கரையோரம் முழங்காலளவுதாம்மா. புல்லும் சேறும். உள்ள போகப் போகத்தான் ஆழம்" என்றான் அவன்.

"மலை ரோட்டுல கொண்டுபோய்ப் பழக்குவீங்களா?"

"எங்கேம்மா... கை பிரேக் போயி நாளாச்சு. மேடுன்னா பின்னால உருளும். நம்ம ஓட்டமெல்லாம் ஏரியச் சுத்தித்தான்."

"அப்ப பரீட்சையில?"

வேலப்பன் தலையைச் சொறிந்தான். "அது அவங்கவங்க நேரம்மா."

ரபியா சம்சுலைப் பார்த்தாள். "ஏறுப்பா. ஒரு சுத்து ஓட்டிப் பாரு."

தடுக்க இப்ராம்சா வாயெடுக்குமுன், வேலப்பன் பக்கத்தில் ஏறி உட்கார, வண்டி கிளம்பிவிட்டது. பள்ளத்தாக்கிலிருந்து ஏறிய மூடுபனி ஏரியை விழுங்கியது, கரையை விழுங்கியது, வண்டியையும் விழுங்கியது. ஹாரன் சத்தம் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது.

"யா அல்லா" என்று முணுமுணுத்தார் இப்ராம்சா. ரபியா துப்பட்டி முனையைப் பல்லில் கடித்தபடி பனிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூரத்தில் ஒரு கூச்சல். இருவரும் ஓடினார்கள். வண்டி மூக்கைக் கோரைப் புல்லுக்குள் நுழைத்துக்கொண்டு நின்றது. முழங்கால் சேற்றில் நின்று பல்லைக் காட்டினான் சம்சுல்.

"மாமு, பிரேக்க மிதிச்சேன். அது பாட்டுக்குப் போவுது."

"மொத நாளு எல்லாரும் இப்பிடித்தான் பாய்" என்றான் வேலப்பன், வேட்டியைப் பிழிந்தபடி.

ரபியா பையனைக் கரையேற்றி, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். தன் துப்பட்டியாலேயே சேற்றைத் துடைத்தாள். ஊருக்கு நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் இப்ராம்சா.

துடைத்து முடித்தவள் திரும்பினாள். "நாளைலருந்து வெள்ளனே வந்துருவான். நீங்களே பழக்குங்க" என்றாள் வேலப்பனிடம். அவள் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்புதான் இப்ராம்சாவுக்குப் பொறுக்கவில்லை. பையனை முன்னே நடக்கவிட்டு, அவள் வழியை மறித்தார்.

"ஏத்தா, ஒம் புள்ளைக்கு மண்டி வேணும்னா கேட்டு வாங்கிக்க. எங்க அக்கா பெத்தத ஏன் சாவடிக்கப் பாக்குற? மலைச்சாமிகிட்ட விட்டா ஒனக்கு என்ன கொறஞ்சு போவுது?"

ரபியா பதறவில்லை. முன்னே பனியில் சின்னதாகிக்கொண்டு போகும் முதுகையே பார்த்தாள். கண் நிரம்பிவிட்டது.

"அவருகிட்ட விட்டா பாஸ் பண்ணிருவான்லண்ணே" என்றாள். "லைசென்சு வந்த மறுநாளே பர்மாச் சண்டைக்கு லாரி ஓட்ட அனுப்புறேன்னு, அவுக அத்தா பட்டாளத்துக்காரங்ககிட்ட வாக்குக் குடுத்துட்டாக."