பாதிக்குப் பாதி

கண்ணாடிக் குழாயில் கோடு எண்பத்தைந்தில் நின்றது.

எழுபத்தைந்தில் நிற்க வேண்டும். ஐம்பது வரை தண்ணீர், அதன்மேல் நூறு வரை பீப்பாயில் இருக்கும் எரிபொருள், பிறகு நன்றாக ஒரு குலுக்கு. எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். பெட்ரோல் மட்டும் மேலே ஒதுங்கி நிற்கும். இரண்டுக்கும் நடுவில் விழும் கோடு எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு எத்தனால்.

நான் சொல்லியிருந்த கலவை பாதிக்குப் பாதி. ஐம்பதுக்கு முப்பத்தைந்து ஏறியிருந்தது; அதாவது பீப்பாயில் இருந்தது நூற்றுக்கு எழுபது எத்தனால்.

கலக்குகிறவன் என் மச்சான், மனைவியின் தம்பி. இரண்டு சாமானை ஊற்றிக் கிண்டுகிற வேலை, அதற்கும் அக்கா சிபாரிசு வேண்டியிருந்தது என்று எல்லார் முன்னாலும் அவனைக் கிண்டல் செய்வேன். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

நேற்று யாரும் சிரிக்கவில்லை. எத்தனால் கூடினால் அதே ஓட்டத்துக்கு இன்ஜின் அதிகமாகக் குடிக்கும். குட்டிப் பந்தயங்களில் அது வெளியே தெரியாது. நேற்று இருபத்தெட்டுச் சுற்று. முதலாவதாகப் போய்க்கொண்டிருந்த எங்கள் கார், கடைசிச் சுற்றில் டாங்க் வறண்டு ஓரமாக நின்றுவிட்டது.

முதலாளி எங்கள் இரண்டு பேரைத்தான் பார்த்தார். இன்ஜினை டியூன் செய்கிறவன் நான், எரிபொருள் கலக்குகிறவன் அவன். நாளை மதியத்துக்குள் தப்பு யாருடையது என்று தெரிய வேண்டும், அந்த ஆள் அப்படியே வீட்டுக்குப் போகலாம் என்றார்.

இப்போது மணி பதினொன்று. குழாயை மச்சானின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"கை தவறிடுச்சு மாமா," என்றான்.

கை தவறினால் ஒரு தடவை தவறும். ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு பாட்டில் எரிபொருளை அலமாரியில் எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். கடைசி ஆறு பாட்டிலையும் குலுக்கிப் பார்த்தேன். ஆறிலும் எண்பத்தைந்து.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வீட்டுக்குப் போய் இவன் அக்காவிடம் என்ன சொல்வது என்ற பயமும் கூடவே ஏறியது.

சரியான கலவையில் இன்ஜினை மறுபடியும் டியூன் செய்துவிட, நானே அளந்து, பாதிக்குப் பாதி புதிதாகக் கலந்து டாங்கில் ஊற்றினேன். காரை உருளைகள்மேல் ஏற்றிக் கட்டினோம். அதன்மேல் கார் நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடும். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அதன் ஒயர் இன்ஜினின் உடம்பைக் கவ்விக்கொண்டிருக்கும்.

தீப்பொறி விழும் நேரத்தை முன்னால் தள்ளத் தள்ள இன்ஜினுக்குப் பலம் கூடும். எல்லை தாண்டினால் உள்ளே நாக்கிங், டப்பாவில் கல்லை உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அதைக் கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் உருகிப்போகும். திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் காது போதும். பட்டறையில் என் பெயரே பாம்புச்செவி.

ஒரு புள்ளி தள்ளினேன். சத்தம் இல்லை. இன்னொன்று தள்ளினேன். அப்போதும் இல்லை.

மூன்றாவதற்குக் கை போனபோது மச்சான் பாய்ந்து வந்து இன்ஜினை அணைத்தான்.

அடிக்கவே கை ஓங்கிவிட்டேன். அவன் ஸ்பானரை எடுத்தான். தீப்பொறி போடும் முதல் பிளக்கைக் கழற்றி, துணியில் பிடித்து எனக்குக் காட்டினான்.

அதன் நுனியின் வெள்ளைப் பீங்கானில் மினுமினுவென்று பொடி ஒட்டியிருந்தது. பிஸ்டனின் தோல் அது. அந்த அளவுக்கு உள்ளே அடித்திருக்கிறது. எனக்கு ஒரு கல்கூட உருளவில்லை.

அப்போதுதான் அவன் கழுத்தைப் பார்த்தேன். அதில் இன்னொரு ஹெட்போன் தொங்கியது. அதன் ஒயரும் இதே இன்ஜினைத்தான் கவ்வியிருந்தது.

எத்தனால் கூடக்கூட அந்த எல்லை தள்ளிப்போகும். டியூன் செய்கிறவன் அசந்துபோனாலும் இன்ஜின் தாங்கிக்கொள்ளும். ஆறு பந்தயமாக என் காதுக்கு இவன் பீப்பாயில் முட்டுக்கொடுத்திருக்கிறான்.

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"அக்காதான் சொன்னா. பின்னாலேர்ந்து கூப்பிட்டா நீங்க திரும்பறதே இல்லையாம்."

சளி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பாததை அவள் என் வீம்பு என்று நினைத்துக்கொள்ளட்டும் என்றும் விட்டிருந்தேன். வெட்கத்தில் கண்ணில் நீர் முட்டியது. இவனைக் கிண்டல் செய்த ஒவ்வொரு நாளும் ஞாபகம் வந்தது.

"முதலாளிகிட்ட என் கை தவறிடுச்சுன்னே சொல்லிடுங்க மாமா. எனக்கு வேற எங்கயாவது கிடைக்கும். இந்த வயசுல உங்களுக்கு யாரு வேலை குடுப்பா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. தலையாட்டிவிட்டால் போதும், ஓய்வு பெறும்வரை ஓட்டிவிடலாம்.

மச்சானின் பார்வை என் தோளைத் தாண்டிப் போயிற்று. என்னைப் பார்த்தான், மறுபடியும் அங்கே பார்த்தான். முதலாளி வந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று அதைவைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

திரும்பினேன்.

"தப்பு என்னோடது சார்," என்றேன். "எனக்குக் காது கேக்கல."