கூட்டினால் பதினொன்று

"ஏம்மா, ஒரு பொய்க் காகிதம் அடிச்சுத் தர முடியுமா?"

டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் போடும் பெண் நிமிர்ந்து பார்த்தாள். பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. சுவர்க் கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன ஐயா, பொய்க் காகிதமா?"

அவர் பையிலிருந்து ஒரு மேப்பையும் ஸ்கேலையும் எடுத்தார்.

"நான் சர்வேயரா இருந்தவன். நம்ம ஊர் ஏர்போர்ட்டுக்கும் என் பையன் ஊர் ஏர்போர்ட்டுக்கும் நடுவுல மேப்புல ஆறு புள்ளி நாலு சென்டிமீட்டர். அறுநூத்தி நாற்பது கிலோமீட்டர். சரிதானே?"

"சரிதான். ஒரு மணி பத்து நிமிஷத்துல போயிடலாம். தினம் மூணு பிளைட் இருக்கு."

"அதைப் பதினொரு மணி நேரம்னு அடிச்சுக் கொடு."

"அது எப்படி முடியும்? யாரை ஏமாத்தப் போறீங்க?"

"என் வீட்டுக்காரியை."

அவளுக்குச் சுருக்கென்றது. 'இந்த வயசிலுமா?'

"நல்லா இருக்கு! அவங்களுக்குத் தெரிஞ்சா?"

"தெரியக் கூடாதுன்னுதானே வந்திருக்கேன்!" குரல் உயர்ந்து, உடனே தணிந்தது. "நாளைக்குக் காலையில அவளுக்கு இதயத்துல ஆபரேஷன். பையன் வரலைன்னுட்டான். நேர் பிளைட் கிடையாதாம், மாறி மாறி வரப் பதினொரு மணி நேரமாம். அந்தப் பய சொன்னதை நான் அளந்துட்டேன். அவ அளக்கக் கூடாது. தூரம்தான் தடுத்துதுன்னு நெனச்சுக்கிட்டே அவ உள்ளே போகணும்."

அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"சீக்கிரம்மா. கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரியிலேருந்து வந்திருக்கேன். ரெண்டு பிளைட்டு, நடுவுல காத்திருக்கிற நேரம், எல்லாம் போடு. கூட்டினா சரியா வரணும். அவ கூட்டிப் பார்ப்பா."

பக்கத்து மேஜையில் இதுவரை தலை நிமிராமல் இருந்த மேனேஜர், டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை நீட்டினார்.

"இது சரியா இருக்கா பாருங்க ஐயா."

பெரியவர் விரல் வைத்துக் கூட்டினார். இரண்டு மணி பத்து. காத்திருப்பு ஆறு மணி ஐந்து. இரண்டு மணி நாற்பத்தைந்து. மறுபடி கீழிருந்து மேலாக ஒரு தடவை.

"பதினொண்ணு! நிமிஷம் பிசகலை!"

நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்கேலை மேஜையிலேயே மறந்துவிட்டு ஓடினார்.

"எப்போ சார் அடிச்சீங்க இதை?" என்றாள் பெண்.

"போன வாரமே. ஒரு அம்மா மூச்சு வாங்கிக்கிட்டு வந்தாங்க. 'எங்க வீட்டுக்காரர் ஸ்கேலும் கையுமா இங்கதான் வந்து நிப்பார். பையன் சொன்னது பொய்யின்னு தெரிஞ்சா ஒடைஞ்சு போயிடுவார். பதினொரு மணி நேரம்னு ஒரு காகிதம் அடிச்சு வையுங்க, வந்தா கொடுத்துடுங்க'ன்னாங்க. நான் அடிச்சுக் கொடுத்ததை ரெண்டு தடவை திருத்த வெச்சாங்க."

"எதுக்கு?"

"'கூட்டினா சரியா வரணும் தம்பி, அவர் கூட்டிப் பார்ப்பார்'னு."