இருபத்துநான்கு உறைகள்

"இருபத்திநாலு. ஓம், சரியாய்த்தான் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் தவராஜா மதிய உணவுக்கு உட்கார்ந்ததில்லை. பதினொரு ஆண்டுகளாக அதே ஒழுங்கு. டென்மார்க்கின் சில்க்போர்க் தமிழ்ச் சங்கத்தின் நிலவறைக்கு இறங்குவார்; இரும்பு அலுமாரியைத் திறப்பார்; சங்கத்தவர்கள் ஒப்படைத்த மரணசாசன உறைகளை எண்ணுவார்; பூட்டுவார்; பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார்.

இளமையில் அவர் கொழும்பில், இறந்தவர்களின் சொத்துகளைப் பராமரிக்கும் பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் அலுவலகத்தில் எட்டு மாதம் தற்காலிக எழுதுவினைஞராக இருந்தவர். டென்மார்க்கில் இருபத்தெட்டு ஆண்டுகள் தொழிற்சாலையில் நின்றதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. அந்த எட்டு மாதத்தைச் சொல்லாத நாளும் இல்லை. கேட்டுக் கேட்டுச் சலித்த சங்கம், கடைசியில் அவருக்கு 'நம்பிக்கைப் பொறுப்பாளர்' என்ற பட்டத்தையும் இரண்டு கடமைகளையும் கொடுத்தது. இலங்கையில் அனர்த்தம் வந்தால் நிவாரணப் பொதி அனுப்ப வேண்டும். இங்குள்ளோரின் மரணசாசனங்களைக் காக்க வேண்டும்.

புதையல் காத்த பூதத்தின் கதையை அவரே பலருக்குச் சொல்லியிருக்கிறார். குடத்துக்குள் என்ன இருக்கிறதென்று பூதம் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை என்பதுதான் அக்கதையில் அவருக்கு மிகவும் பிடித்த இடம்.

அன்றும் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. ஆனால் ஓர் உறை மட்டும் கொழுத்திருந்தது.

மரணசாசனம் என்றால் கனக்கத்தானே செய்யும் என்று முதலில் தன்னைத் தேற்றிக்கொண்டார். பிறகு புரட்டிப் பார்த்தார். பின்பக்கத்தில் அவர் மணிமணியாக எழுதும் பெயர் அதில் இல்லை. பிரித்தார். உள்ளே சட்டைப்பை அளவில் ஒரு புதிய ஏற்பாடு இருந்தது.

நடந்தது அவருக்கு அங்கேயே விளங்கிவிட்டது. மன்னாரில் புயல் வெள்ளம் வீடுகளை வாரிக்கொண்டு போயிருந்தது. உடுப்புகளோடு வேதப் புத்தகங்களும் வேண்டுமென்று அங்கிருந்து கேட்டார்கள். சங்கத்துப் பிள்ளைகள் புத்தகங்களைச் சேர்த்து, சங்கத்தின் பழுப்பு உறைகளில் இட்டு, டேனிஷில் 'டெஸ்டமெண்ட' என்று எழுதி மேசையில் அடுக்கினார்கள். அவர்கள் அடுக்கிய அதே புதன்கிழமை நிலவறைச் சுவரில் ஈரம் கசிந்ததால், பொறுப்பாளரும் தமது உறைகளை வெளியே எடுத்து அதே மேசையில் காற்றாட விட்டார். அவருடைய உறைகளிலும் அதே சொல்தான். டேனிஷ்காரருக்கு வேதத்தின் ஏற்பாடும் 'டெஸ்டமெண்ட'. மனிதன் எழுதிவைக்கும் மரணசாசனமும் 'டெஸ்டமெண்ட'. திரும்ப அள்ளி வைக்கும்போது ஓர் உறை மாறிப்போயிருந்தது.

காணாமற்போனது மன்னாரிலிருந்து வந்த சங்கத்து மூத்தவர் யூலியானாவின் உறை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பதின்மூன்று ஆண்டுகளாகக் கூடவே இருந்து பார்க்கிற தங்கை மகள் யசிந்தாவுக்கு வீடு சேருமென்றால், அது அந்தத் தாளால்தான் சேரும். தாள் இப்போது விமானத்தில் போய்க்கொண்டிருந்தது.

சொன்னால் யூலியானா இன்னொன்று எழுதலாம்; ஆனால் பொறுப்பாளர் பட்டம் போய்விடும். சொல்லாவிட்டால் பட்டம் இருக்கும்; ஒருநாள் யசிந்தா தெருவில் நிற்பாள். எண்ணிக்கை எப்படியும் இருபத்துநான்குதானே என்று மனம் ஒருதரம் நரியைப்போல் மெல்ல எடுத்துக் கொடுத்தது.

வீட்டுக்கு வந்து மனைவி சுசீலாதேவியிடம் சொன்னார். அவர் கறியைக் கிளறியபடியே, "எட்டு மாச அனுபவம் எல்லோ" என்றார்.

தவராஜா சாப்பிடாமலே பஸ் ஏறினார்.

யூலியானாவின் மேசையில் புத்தகத்தை வைத்தார். அலுமாரிப் பூட்டின் திறப்பையும் அதன்மேல் வைத்தார்.

"அக்கா, உங்கட மரணசாசனத்தை நான் நிவாரணத்துக்கு அனுப்பிப்போட்டன். வேற ஆரின்ரையும் பிழை இல்லை. நான்தான். யசிந்தாவுக்காக இண்டைக்கே இன்னொண்டு எழுதுங்கோ."

யூலியானா முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்துத் தவராஜா தலை குனிந்தார். நிமிர்ந்தபோதுதான் அது சிரிப்பென்று தெரிந்தது.

"தம்பி, என்ரை மரணசாசனம் பன்ரண்டு வருசமாக் கோர்ட்டு நோட்டரியிட்டைப் பத்திரமா இருக்கு. நான் உங்களிட்டைத் தந்தது சைக்கிள் கடையின்ரை மலிவு விற்பனைத் தாள்."

தவராஜா மேசையில் தான் வைத்த திறப்பைப் பார்த்தார்.

"அலுமாரியை வாங்கி வைச்சுக்கொண்டு ஆறு மாசம் வெறுமையாத் திறந்து திறந்து பூட்டினியள். பாக்கப் பாவமாக் கிடந்தது. அதுதான் ஒரு தாளை மடிச்சுத் தந்தனான்."

"அப்ப மற்ற இருபத்திமூண்டும்?"

கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த யசிந்தா நிமிராமலே சொன்னாள்: "அதுகளும் வெறுந்தாள்தான். பெரியம்மா சொல்லித்தான் சனம் குடுத்தது."

யூலியானாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. மன்னாரில் யாரோ வேதத்தை எதிர்பார்த்து உறையைப் பிரித்து, சைக்கிள் விலையை வாசிக்கப் போகிறார்கள். அந்தப் பாவம் தன்னுடையது என்றார். புத்தகத்தைத் தானே தபாலில் அனுப்புவதாகச் சொல்லி எடுத்து வைத்துக்கொண்டார். திறப்பைத் தவராஜாவின் கையில் திருப்பி வைத்தார்.

"உங்களுக்குச் செய்ததும் பிழைதான் தம்பி. கேக்க முதலே வந்து சொல்லுற மனுசனுக்கு நாங்கள் இவ்வளவு காலம் விளையாட்டுக் காட்டியிருக்கிறம். செவ்வாய்க்கிழமை என்னோட நோட்டரியிட்டை வாங்கோ. நான் போனபிறகு எல்லாம் ஒழுங்காச் சேருதோ எண்டு பாக்கிற ஆளா உங்கட பேரை எழுதப்போறன். பிரதியை நீங்கள்தான் வைச்சிருக்கவேணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தவராஜா நிலவறைக்கு இறங்கினார். இருபத்துமூன்று உறைகளையும் பழைய தாள் தொட்டியில் இட்டார், புதிதாக வந்த யூலியானாவின் உறையைப் பிரித்து, இம்முறை உள்ளே இருந்ததை வரிவரியாக வாசித்தார், பூட்டினார், பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

"ஒண்டு. ஓம், சரியாய்த்தான் இருக்கு."