குச்சி வரி

வேப்பமரத்துக் காக்கைகளுக்கும் புளியமரத்துக் காக்கைகளுக்கும் சண்டை மூண்டது. நம் கூடுகளைக் காப்பாற்ற வேண்டாமா என்று, எதிரி மேல் எறிவதற்காகக் கூட்டுக்குக் கூடு குச்சி வரி போட்டார் வேப்பமரத்து ராஜா.

கொடுத்துக் கொடுத்தே மூக்காயிக் காக்கையின் கூட்டில் அடிப்பக்கம் ஓட்டை விழுந்துவிட்டது. பாவம், முட்டையைக் காலால் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மறுபடியும் வரிக்கு வந்து நின்றார் மந்திரிக் காக்கை.

"போன தடவை நான் குடுத்த குச்சி என்னாச்சுங்க?" என்றது மூக்காயி.

"அருமையான குச்சி தாயி! ஒரே எறியில ஒரு கூடே கவுந்துருச்சு."

மூக்காயி தன் முட்டையை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டது. "அதுல முட்டை இருந்துச்சா?"

"இருந்துச்சு. அந்தக் கூட்டுலயும் அடிக்குச்சி இல்ல. அவங்க ராஜாவும் வரி வாங்குறாராம்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார் மந்திரி.

"சரி, அந்தக் காலைக் கொஞ்சம் தூக்கு தாயி. அடியில இன்னொரு குச்சி தெரியுதே."