பழி மெஷின் மேல்

கர்ப்பிணிகளின் ரத்தத்தைப் பார்த்துக் குறைப்பிரசவ ஆபத்தைச் சொல்லும் மெஷின், மறுபடியும் சிவப்பு விளக்கைக் காட்டியது. லேப்காரிக்கு இருப்புக்கொள்ளவில்லை; மெக்கானிக்கை வரவழைத்திருந்தாள். வெளியே ரிசல்ட்டுக்குக் கூட்டம் நெரிந்தது.

"பாருங்கண்ணே, சனியன் பிடிச்ச மெஷின்! ஒரு கோளாறும் இல்லாத ரத்தத்தைப் போட்டாலும் ஆபத்துங்குது."

மெக்கானிக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். சோதித்துப் பார்க்கவென்று கம்பெனி கொடுத்தனுப்பிய, ஆபத்தில்லாத சாம்பிள் ரத்தத்தைப் போட்டார். சரியாகப் பச்சை எரிந்தது.

"மெஷின் கல்லுக்குண்டாட்டம் இருக்கு தங்கச்சி. நீ போட்டது யார் ரத்தம்?"

"மெஷினைச் சரிபார்க்கத்தான் போட்டேன். நல்லா இருக்கிற ரத்தம்னு நினைச்சு..."

சொல்லிக்கொண்டே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். கோட்டுப் பொத்தான் எட்டாத வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னோடதுதாண்ணே."